கண்ணும் காதும் துணைக்கு வராத குழந்தையோடு பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வை, செவித்திறன் இரண்டிலும் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரும், அவர்களுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை நின்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, பலத்த சத்தத்துக்குத் திரும்புகிறாள். அப்படியிருந்தும் ஏன் "காதுகேளாத பார்வையற்ற குழந்தை" என்கிறார்கள்?

இந்தப் பெயருக்குள் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படித்தான். முழு இருட்டும் முழு நிசப்தமும் சேர்ந்து அமைவது குறைவு. காது கேளாத குழந்தை கண்ணை வைத்துச் சமாளிக்கும், கண் தெரியாத குழந்தை காதை வைத்துச் சமாளிக்கும். இரண்டும் அரைகுறை என்றால் ஒன்றுக்கு மற்றொன்று கைகொடுக்க முடியாது. அதனால்தான் இதைத் தனிக் குறைபாடாகவே கணக்கில் வைக்கிறார்கள். உலக காதுகேளாத பார்வையற்றோர் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் 0.2 முதல் 2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்த இரட்டைக் குறைபாடு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதில் முதியவர்கள்தான் அதிகம். குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், உங்கள் டாக்டரே இதற்குமுன் ஒன்றிரண்டு பேரைத்தான் பார்த்திருப்பார். அவர் தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு இப்போது என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். குழந்தையை எப்படி உட்காரவைப்பது, எங்கே கை வைப்பது, எதை எதிர்பார்ப்பது என்பதெல்லாம் காரணத்தைப் பொறுத்து மாறும்.

சார்ஜ் சிண்ட்ரோம் என்பது பிறவியிலேயே பல உறுப்புகளைப் பாதிக்கும் நிலை; பல குழந்தைகளுக்குச் சிஎச்டி7 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. அந்த மரபணு 2004-இல் அடையாளம் காணப்பட்டது. இந்தக் குழந்தைகளுக்கு உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் சரியாக அமைந்திருக்காது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதற்கே பாதி சக்தி செலவாகிவிடும். மல்லாந்து படுத்துக்கொண்டோ, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டோ கவனிக்கிற குழந்தையை "ஒழுங்காக உட்கார்" என்று நிமிர்த்தினால், அதன் பிறகு அதற்கு உட்காருவது மட்டுமே வேலை. படுத்தே பேசட்டும்.

குறைமாதப் பிறப்பு, மூளைக்காய்ச்சல் போன்றவற்றில் கண் நன்றாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது காலையில் தெரிந்த பந்து மாலையில் தெரியாமல் போகும். பல பொருள்களுக்கு நடுவே இருந்தால் தெரியாது, வெறும் கறுப்புத் துணியின்மேல் தனியாக வைத்தால் தெரியும். குழந்தை நடிக்கிறது என்று வீட்டில் சண்டை வருவது இங்கேதான்.

ருபெல்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் இந்தக் காய்ச்சலுக்கும் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் வெளியிட்டார். 1964, 65-இல் அமெரிக்காவில் அது பெரிய அளவில் பரவி, சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பல வழிமுறைகள் அந்தத் தலைமுறை ருபெல்லாக் குழந்தைகளோடு பழகிப் பழகி உருவானவை. தடுப்பூசி வந்தபின் ருபெல்லா குறைந்தது. வழிமுறைகள் நிலைத்துவிட்டன, நல்லவேளையாக.

எந்த வார்த்தையை முதலில் சொல்லித்தர வேண்டும்?

இப்போதைக்கு எதையும் வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு உங்கள் வேலை கவனிப்பது.

குழந்தை ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது, உடம்பால். மிகச் சின்ன அசைவுகளாக இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. மூச்சு சட்டென்று வேகமாகும். கால்விரல்கள் மடங்கும். உதடு ஒரு பக்கமாக இழுக்கும். தோள் இறுகித் தளரும். இவற்றில் மிகவும் ஏமாற்றுவது, அசையாமல் உறைந்துபோவது. மற்றக் குழந்தைகள் ஆர்வம் வந்தால் தலையைத் திருப்பும், கையை நீட்டும். இந்தக் குழந்தை ஆர்வம் வந்தால் அசைவை நிறுத்திவிடும். தன் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தோலாலும் எலும்பாலும் வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் தான் ஆடாமல் இருந்தாக வேண்டும் அல்லவா? பார்க்க வந்த உறவினர் "இவனுக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று பொம்மையை எடுத்துவிடுவார். அவன் உன்னிப்பாக இருந்ததே அந்த நொடியில்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் – இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். பாட்டிக்கு ஒன்று தோன்றும், அப்பாவுக்கு வேறொன்று தோன்றும், இரண்டையும் எழுதிவையுங்கள். பத்துப் பதினைந்து பக்கம் சேர்ந்ததும் திரும்பிப் படித்தால், "உதடு இழுப்பது எப்போதும் தண்ணீர் சம்பந்தப்பட்ட இடத்தில்தான் வருகிறது" என்பதுபோல் ஏதாவது ஒன்று பிடிபடும்.

பிடிபட்டதும் பதில் சொல்லுங்கள். மேசையை இரண்டு தட்டுத் தட்டுகிறானா? அதிர்வு அவன் கைக்குப் போய்ச்சேருகிற இடத்தில் நீங்களும் இரண்டு தட்டுத் தட்டுங்கள். அவன் நிறுத்துவான். யோசிப்பான். மறுபடி தட்டினால், நீங்கள் இருவரும் பேசத் தொடங்கியாயிற்று. இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை, பரவாயில்லை.

கையைத் தொட்டாலே வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். தொட விடாதவனுக்குத் தொட்டு எப்படிக் கற்பிப்பது?

அந்தக் கைகளுக்கு இதுவரை என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று பாருங்கள். ஊசி, டிரிப், மருத்துவமனையில் கட்டிப்போட்டது, யாரோ திடீரென்று பிடித்துக் களிமண்ணுக்குள் அழுத்தியது. எல்லாமே முன்னறிவிப்பு இல்லாமல் வந்தவை. நமக்குக் கண்ணைப் பொத்தினால் எவ்வளவு எரிச்சல் வருமோ, இவனுக்கு மணிக்கட்டைப் பிடித்தால் அவ்வளவு வரும். பார்ப்பதும் கேட்பதும் சொல்வதும் அந்தக் கையால்தான்.

ஆகவே, மேலிருந்து பிடிக்கக் கூடாது. உங்கள் கையை அவன் கைக்கு அடியில் கொண்டுபோங்கள். முதலில் தோளைத் தொட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கிருந்து கையோடு மெதுவாக இறங்கி, புறங்கையின் ஓரத்தில் உங்கள் விரல் லேசாகப் படும்படி வைத்து மறுபடி நிற்க வேண்டும். பிறகு உங்கள் உள்ளங்கை கீழே பார்த்தபடி, அவன் விரல்களுக்கு அடியில் நுழைய வேண்டும். இப்போது அவன் கை உங்கள் கைமேல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கிண்ணத்தைத் தொடப்போனால் அவனும் சவாரி செய்துகொண்டு வருவான். பிடிக்கவில்லை என்றால் எந்த நொடியிலும் எடுத்துக்கொள்ளலாம். கிண்ணத்தின் விளிம்பை நீங்கள் தடவும்போது உங்கள் விரலிடுக்கில் அவன் சுண்டுவிரல் மெல்ல வழிந்து, விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவரும். அடுத்த முறை இரண்டு விரல் வரும். அவசரப்பட்டு அவன் விரலை நீங்களே எடுத்துக் கிண்ணத்தில் வைத்தீர்களென்றால் கணக்கு மீண்டும் பூஜ்யம்.

விளிம்பில் கை பட்டதும் "இதோ, நானும் இதைத்தான் தொடுகிறேன்" என்று அவன் பக்கத்திலேயே உங்கள் விரலும் இருக்கட்டும். மற்றக் குழந்தைகள் ஒன்றை விரல்நீட்டிக் காட்ட, அம்மாவும் அந்தத் திசையில் பார்ப்பாளே, அதன் இடத்தில் இருப்பது இது.

வந்திருப்பது யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வாசனையால் ஓரளவு தெரியும். ஆனால் சோப்பு மாறினால் ஆள் மாறிவிடும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வையுங்கள்: ஒருவருக்குக் கைக்கடிகாரத்தின் வார், ஒருவருக்குத் தாடி, ஒருவருக்கு மோதிரம். வந்ததும் தோளைத் தொட்டு, அந்த அடையாளத்தை அவள் கை தொடும்படி கொடுத்த பிறகுதான் மற்றது எல்லாம். போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சொல்லாமல் எழுந்துபோனால் அவளைப் பொறுத்தவரை நீங்கள் காற்றில் கரைந்துவிட்டீர்கள்.

எதையுமே கேட்க மாட்டேன் என்கிறாள். பசித்தால்கூட அழுவதில்லை.

கேட்பதற்கு இடம் இருந்ததா என்று யோசியுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளியல், எல்லாம் கேட்காமலே வந்துவிடும் வீட்டில் கேட்க எதுவும் மிஞ்சாது.

நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற கல்வியாளர் 1960-களில் ருபெல்லாக் குழந்தைகளோடு வேலை செய்து வகுத்த வழி ஒன்று உண்டு. குழந்தையோடு உடம்பு ஒட்டி உட்கார்ந்து, குழந்தைக்குப் பிடித்த அசைவைச் சேர்ந்தே செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஆடுவது, குதிப்பது, உருளுவது, எதுவானாலும் சரி. நன்றாகச் சூடுபிடித்த பிறகு சட்டென்று நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஒன்றும் செய்யக் கூடாது. மடியில் இருக்கும் குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. ஆட்டம் நின்றது. மூன்று நொடி, ஒன்றுமில்லை. ஏழு நொடி, தலை லேசாக ஒரு பக்கம் சாய்கிறது. உங்களுக்குள் "சரி, புரியவில்லை, நாமே தொடங்குவோம்" என்று ஒரு குரல் கேட்கும். கேட்காதீர்கள். பத்து, பன்னிரண்டு. முதுகுத்தசை ஒரு துளி இறுகி, இடுப்பு ஒரு விரற்கடை முன்னால் போகிறது. அது போதும், உடனே ஆடுங்கள். தாமதித்தால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பது தெரியாமல் போய்விடும். சில நாள்களில் அந்த விரற்கடை அசைவு தெளிவான உந்தலாகும். பிறகு கையால் தொடையைத் தட்டிக் கேட்பாள். "நான் ஏதோ செய்தேன், உலகம் நகர்ந்தது" என்பது புரிந்த குழந்தைக்குத்தான் சொல் எதற்கு என்பதும் புரியும்.

காத்திருக்கும் நேரம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அரை நிமிடம் வேண்டியவர்களும் உண்டு.

கரண்டியையும் துண்டையும் கையில் கொடுத்து "இது சாப்பாடு, இது குளியல்" என்று சொல்லித்தரச் சொன்னார்கள். எப்படிச் செய்வது?

அடுத்து நடக்கப்போவதை ஒரு பொருளால் முன்கூட்டியே சொல்வது அது. சாப்பாட்டுக்கு முன் எப்போதும் அதே கரண்டி, குளிக்கும் முன் அதே துண்டு. பொருளைக் கையில் கொடுத்து, கையோடு அதைக் கொண்டுபோய், அதே பொருளை அந்த வேலையில் பயன்படுத்த வேண்டும்.

இதில் ஒரு பொதுவான தவறு, பார்வையுள்ளவர்களின் மனதோடு பொருளைத் தேர்வது. காரில் போகப்போகிறோம் என்பதற்குப் பொம்மைக் காரைக் கொடுப்பார்கள். பொம்மைக் கார் காரைப்போல இருப்பது கண்ணுக்குத்தான். கைக்கு அது நான்கு சக்கரம் வைத்த பிளாஸ்டிக் துண்டு. காரில் அவன் தொடுவது சீட் பெல்ட்டை. ஒரு ஜாண் சீட் பெல்ட் பட்டையைக் கொடுங்கள்.

பல பொருள்கள் சேர்ந்ததும் அவற்றை வரிசையாகத் தடுப்புகள் உள்ள பெட்டியில் வைக்கலாம். முதல் அறையில் கரண்டி, அடுத்ததில் துண்டு, அதற்கடுத்ததில் பட்டை. ஒன்று முடிந்ததும் அதை எடுத்து "முடிந்தது" கூடைக்குள் போடுவது அவன் வேலை. பார்வையற்ற கைக்குள் ஒரு நாள் முழுதும் அடங்குவது இப்படித்தான். இரண்டு மாதம் போனதும் ஒரு குறும்பு செய்து பாருங்கள்: பெட்டியில் குளியலுக்குரிய தடுப்பில் துண்டு வைக்காமல் விட்டுவிடுங்கள். தேடுவான். தேடினால், நேற்று நடந்ததை நினைவில் வைத்து இன்றைக்கு எதிர்பார்க்கிறான் என்று அர்த்தம். கொஞ்சநாள் போனபின் பெட்டியில் இல்லாத ஒன்றை அவனே கொண்டுவந்து வைப்பான், பெரும்பாலும் உங்களுக்கு வசதியில்லாத நேரத்தில். அன்றைக்கு மட்டும் கட்டாயம் காரில் கூட்டிப்போங்கள்.

கடிக்கிறான், தலையை மோதிக்கொள்கிறான், கண்ணை விரலால் அழுத்துகிறான்.

முதலில் உடம்பு. காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை வலிக்கும் இடத்தைத்தான் அடிக்கும். கண்ணை அழுத்துவது விழித்திரையில் மினுமினுப்பை வரவழைக்கும், அதற்காகவும் செய்வார்கள். கையை வேறு சுவையான வேலையில் ஈடுபடுத்துவதே வழி, கையைக் கட்டுவது அல்ல. கட்டிய கை ஊமையாகிவிடும்.

மற்றபடி கடிப்பது பெரும்பாலும் "வேண்டாம்", "போதும்", "எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய்?" ஆகியவற்றில் ஒன்று. வேண்டாம் என்பதற்கு ஒரு எளிய சைகை கொடுத்து – பொருளைத் தள்ளிவிடுவதே போதும் – அதை ஒவ்வொரு முறையும் நீங்கள் மதித்தால் பல் வைக்கும் தேவை குறையும். மருந்தைத் தள்ளினால் மதிக்க முடியாதுதான். அதற்கும் முன்னறிவிப்பாவது கொடுக்கலாம்.

ஹெலன் கெல்லருக்கு ஒரே நாளில் எல்லாம் புரிந்துவிட்டதே. எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்?

அந்தத் தண்ணீர்க் குழாய்க் கதை இந்தத் துறைக்குச் செய்த நன்மையும் உண்டு, பெற்றோருக்குச் செய்த கெடுதலும் உண்டு.

ஹெலன் பிறந்தது 1880-இல். 19 மாதம் வரை பார்த்தாள், கேட்டாள், சில சொற்கள் பேசவும் செய்தாள். காய்ச்சல் வந்து பார்வையும் செவியும் போன பிறகும் அவள் ஊமையாக உட்கார்ந்திருக்கவில்லை. ரொட்டி வேண்டும், ஐஸ்கிரீம் வேண்டும் என்பதற்கெல்லாம் தானாகவே சைகைகள் வைத்திருந்தாள். சமையல்காரரின் மகளோடு அந்தச் சைகைகளால்தான் விளையாடினாள். ஆசிரியை ஆன் சல்லிவன் 1887 மார்ச் 3-ஆம் தேதி வந்து சேர்ந்து, பொம்மையைக் கொடுத்துக் கையில் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் கூட்டிய "தண்ணீர்" என்ற சொல் புரிந்தது ஏப்ரல் 5. இடையில் ஒரு மாதம். அதற்கு முன்னால் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக வீட்டார் அவள் சைகைகளுக்குப் பதில் சொல்லி வந்தார்கள். அந்த ஐந்தாண்டை யாரும் மேடையேற்றுவதில்லை.

எனக்குக் குழாயடியைவிட அடுத்த வாரம் நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. ஹெலனின் உறவுக்காரக் குழந்தை ஒன்று இருந்தது, சுமார் 15 மாதம். சொல்வது அதற்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வரவில்லை என்பதைச் சல்லிவன் கவனித்தார். குழந்தையின் காதில் எல்லோரும் முழு வாக்கியமாகத்தானே பேசுகிறோம், ஹெலனின் கையில் மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லைத் திணிக்க வேண்டும்? அன்றோடு நேரம் குறித்த பாடங்களை விட்டுவிட்டு, நாள் முழுக்க நடப்பதையெல்லாம் வாக்கியமாகக் கையில் பேச ஆரம்பித்தார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, 1837-இல், பாஸ்டனில் சாமுவேல் ஹோவ் என்ற டாக்டரின் பார்வையற்றோர் பள்ளிக்கு, பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமி வந்தாள். கரண்டி, சாவி, புத்தகம் ஆகியவற்றில் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டிக் கற்பித்தார். பல வாரம் அவள் செய்தது வெறும் பொருத்து விளையாட்டு. பொருளோடு சீட்டைப் பொருத்தினால் தலையைத் தடவிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான். பிறகுதான் இவற்றால் தன் மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்பது உறைத்தது. சல்லிவன் கைவிரல் எழுத்தைப் பழகியது அதே பள்ளியில், நடுவயது கடந்த லாராவோடு பேசுவதற்காக.

பிரான்சில் மரி ஹெர்த்தன் என்ற சிறுமி 1895-இல் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டாள். பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லை, மொழியே கிடையாது, வயது கிட்டத்தட்ட 10, தரையில் உருண்டு கத்தினாள். அவளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு கத்தியின்மேல் உயிர். ஆசிரியையான கன்னியர் அதைக் கவனித்து, கத்தியை எடுத்துக்கொண்டு, கத்திக்கான சைகையை அவள் கையில் செய்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி எடுத்தார். அவளே அந்தச் சைகையைச் செய்தபோது உடனே கொடுத்தார். முதல் சொல் "அம்மா"வோ "தண்ணீர்"ரோ ஆகவில்லை, அவளுக்கு எது உயிரோ அது ஆனது. உங்கள் பிள்ளைக்கு அது ஒரு வாஷிங் மெஷினாக இருக்கலாம். அதிர்வதால் அந்தப் பொருள்மேல் பலருக்கும் மோகம்.

பத்து வயதாகிவிட்டது. இனிமேல் முடியுமா?

மரியைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். நார்வேயில் ராக்ன்ஹில்ட் கோட்டா பள்ளிக்கு வந்தது 14 வயதில். வாயால் பேசவே கற்றாள். 1890-இல் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் ஹெலன் தானும் பேச வேண்டும் என்று அடம்பிடித்தார். சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதில் சந்தேகமில்லை. தாமதமானால் நடைமுறை ஒன்றுதான்: வயதைப் பார்க்காமல் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. 12 வயதுப் பிள்ளையை மடியில் வைத்து ஆட்ட முடியாது, ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம்.

சைகை மொழியா, பிரெயிலா, கையில் எழுதுவதா? எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்வி பெரும்பாலும் தேவைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இருந்தாலும் என்னென்ன உண்டு என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

தொடு சைகை என்பது காதுகேளாதோர் பயன்படுத்தும் சைகை மொழியையே, பேசுபவரின் கைமேல் கை வைத்து வாங்கிக்கொள்வது. பிறவியிலேயே இரண்டும் இல்லாத குழந்தைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பொருளைத் தொடுவதிலிருந்து அசைவுக்கும் அசைவிலிருந்து சைகைக்கும் படிப்படியாக வந்துவிடலாம். விரல் எழுத்து என்பது ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கையில் கூட்டுவது, எழுத்து தெரிந்தவர்களுக்கு. ஹீரோனிமஸ் லோர்ம் என்ற ஆஸ்திரிய எழுத்தாளர் தனக்கே காதும் கண்ணும் போன நிலையில், 1881 வாக்கில், உள்ளங்கையில் தட்டியும் கோடிழுத்தும் எழுத்துகளைக் குறிக்கும் முறையை வகுத்தார். ஜெர்மன் பேசும் நாடுகளில் இன்றும் புழங்குகிறது. ஜப்பானில் ஃபுகுஷிமா சத்தோஷி 9 வயதில் பார்வையையும் 18 வயதில் செவியையும் இழந்தபோது, அவருடைய அம்மா மகனின் விரல்களையே பிரெயில் தட்டச்சின் விசைகளாக எண்ணித் தட்டிப் பேசினார். ஆறு விரல், ஆறு புள்ளி. மகன் பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுப்படியில் தோன்றிய வழி பிறகு நாடு முழுக்கப் பரவியது.

பிரெயில் படிப்புக்கானது, பேச்சுக்கு மாற்று அல்ல. ஆனாலும் குழந்தைக்கு எட்டும் முன்பே வீட்டில் இருக்கட்டும். மற்றக் குழந்தைகள் வாசிக்கத் தெரியும் முன்பே சுவரிலும் டப்பாவிலும் எழுத்தைப் பார்த்து வளர்கிறார்கள் இல்லையா.

தேர்வு எதுவானாலும் இரண்டைப் பாருங்கள்: வீட்டில் எல்லோராலும் தினமும் செய்ய முடிகிறதா, குழந்தையின் கை அதைச் செய்ய ஒத்துழைக்கிறதா. தசை இறுக்கமுள்ள குழந்தைக்குச் சைகைகள் முழுமையாக வராது. அது செய்யும் அரைகுறை வடிவத்தையே சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள், திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

காதுகேளாத பார்வையற்ற பெரியவர்களே 2007 முதல் அமெரிக்காவின் சியாட்டிலில் வளர்த்தெடுத்த, தொட்டே பேசும் புரோடாக்டைல் முறையிலிருந்து ஒன்றைக் கட்டாயம் கடன் வாங்குங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அவர் முழங்காலிலோ கையிலோ தட்டிக்கொண்டே இருப்பார்: "ம்", "அப்படியா", "சிரிக்கிறேன்". உங்கள் பிள்ளை சைகை செய்யும்போது நீங்கள் சிரித்துத் தலையாட்டினால் அது அவனுக்குப் போய்ச்சேராது.

வாயால் பேசுவானா?

சிலர் பேசுகிறார்கள், பலர் பேசுவதில்லை. செவித்திறன் எவ்வளவு மிச்சம், எப்போது இழந்தான் என்பதைப் பொறுத்தது. பேசுபவரின் உதட்டில் கட்டைவிரலும் தாடையிலும் தொண்டையிலும் மற்ற விரல்களும் வைத்துப் பேச்சை உணரும் டடோமா முறை ஒன்று இருக்கிறது. கற்க மிகக் கடினம், இன்று பயன்படுத்துபவர்கள் வெகு சிலர். வாய்ப்பேச்சுக்காகக் காத்திருந்து சைகையைத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைகை பேச்சைக் கெடுப்பதில்லை.

ஹியரிங் எய்ட், கண்ணாடி, காக்ளியர் இம்ப்ளான்ட் இதெல்லாம் பயன்படுமா?

மிச்சமிருப்பது கொஞ்சமானாலும் பயன்படுத்த வேண்டும், அதுவும் சீக்கிரம். உட்காதில் பொருத்தும் இம்ப்ளான்டை வைத்த மறுநாளே மாற்றம் தெரியாது. கேட்கும் சத்தத்துக்கு அர்த்தம் சேர மாதங்களும் வருடங்களும் ஆகும். சத்தத்தையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே கையால் காட்ட வேண்டும்: கதவு சாத்துகிற சத்தம் என்றால் கதவில் கை. கருவியைப் பிடுங்கி எறிவது வாடிக்கை. அது "இப்போது வேண்டாம்" என்பதாகவும் இருக்கலாம், பேட்டரி தீர்ந்ததாகவும் இருக்கலாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

மகளுக்கு அஷர் சிண்ட்ரோம் என்கிறார்கள். இப்போது நன்றாகப் பார்க்கிறாள், சைகை மொழி பேசுகிறாள். என்ன செய்வது?

அஷரில் காது முதலில் பாதிக்கப்படும், பார்வை பிறகு. இருட்டில் தடுமாறுவது முதல் அறிகுறி, பிறகு ஓரப்பார்வை உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். அஷரின் முதல் வகையில் சமநிலையும் பாதிக்கப்படுவதால் நடை தாமதமாகவே வந்திருக்கும். சைகை மொழியை விட வேண்டாம். அதுவே பிற்காலத்தில் தொடு சைகையாக மாறும். கைகளை நெஞ்சுக்கு அருகில், குறுகிய இடத்துக்குள் வைத்துச் சைகை செய்யுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம். பிரெயிலைப் பார்வை இருக்கும்போதே விளையாட்டாகத் தொடங்கிவிடுங்கள். அவளுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் பிள்ளைகள் நாம் நினைப்பதற்கு முன்பே ஊகித்துவிடுகிறார்கள்.

சொற்கள் தெரிகின்றன, ஆனாலும் உலகம் புரியவில்லை. ஏன்?

மற்றப் பிள்ளைகள் முக்கால்வாசியை யாரும் சொல்லித்தராமல் கற்கிறார்கள். அடுத்த அறையில் அப்பா போனில் பேசுவது காதில் விழுகிறது, அம்மா சமைப்பது கண்ணில் படுகிறது. இவனுக்கு உணவு என்பது எங்கிருந்தோ வந்து வாயில் விழுவது. அழுக்குச் சட்டை காணாமல் போய்ச் சுத்தமான சட்டையாகத் தோன்றுகிறது. எனவே முழு வேலையையும் காட்டுங்கள்: தட்டு எங்கே இருக்கிறது, யார் எடுக்கிறார்கள், சாப்பிட்ட பிறகு எங்கே போகிறது, கழுவும்போது எப்படி வழுக்குகிறது. தங்கை அழுதால் அவள் கன்னத்தின் ஈரத்தைத் தொட்டுக் காட்டுங்கள், அவள் சம்மதித்தால். சோவியத் யூனியனில் ஜகோர்ஸ்க் நகரில் 1963-இல் தொடங்கிய பள்ளியில் கரண்டி பிடிப்பது, உடுத்துவது, படுக்கை மடிப்பது ஆகியவற்றிலிருந்துதான் மொழியைத் தொடங்கினார்கள். அங்கே படித்த நான்கு பேர் 1971-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1977-இல் பட்டம் பெற்றார்கள். வீட்டு வேலை நடக்கும் இடத்திலிருந்து பிள்ளையை ஒதுக்கி "தெரபி அறை"யில் உட்காரவைப்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

பள்ளியில் கூடவே ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

வகுப்பில் நடப்பதைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவருவார், பிள்ளை சொல்வதை வகுப்புக்குக் கொண்டுபோவார். பிள்ளைக்குப் பதிலாக வேலையைச் செய்துமுடிப்பவர் என்றால் அவரால் பயனில்லை. அடிக்கடி ஆளை மாற்றினால் ஒவ்வொரு முறையும் அந்தக் கை மறுபடி நம்பிக்கையைத் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டும். முதல் சந்திப்பிலேயே பள்ளியிடம் கேளுங்கள்: இந்த ஆண்டு முழுக்க இவரே இருப்பாரா?

நிபுணரைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோவது?

நோட்டுப் புத்தகம், கண், காது அறிக்கைகள், பொருள்களில் குழந்தைக்குப் பிடித்த இரண்டு. கூடவே போனில் எடுத்த சிறு வீடியோக்கள்: ஒன்று குளிக்கும்போது, ஒன்று சாப்பிடும்போது, ஒன்று யாரும் தொந்தரவு செய்யாமல் தனியே இருக்கும்போது. முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். கையும் காலும் பிரேமுக்குள் வர வேண்டும்.